மானியம் கேட்கும் இடத்தில் மன்னிப்பு எதற்கு?

போன மாதம் ஒரு தோழி ஆய்வு மானியம் கேட்டு எழுதிய தன் ப்ரபோசலைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து நீரில் வாழும் நுண்ணுயிர்கள் பற்றிய ஆய்வு. விஷயம் பிரமாதம். ஆனால் முதல் பக்கத்திலேயே, ‘குழந்தை வளர்ப்பின் காரணமாக ஐந்து ஆண்டுகள் ஆய்வில் ஈடுபட இயலாமல் போனதற்கு வருந்துகிறேன்’ என்ற பொருளில் ஒரு வரி. இது ப்ரபோசலா, லீவ் லெட்டரா என்று கேட்டேன்.

சென்னையில் பெண் ஆய்வாளர்களும் நான்-பைனரி (ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காத) ஆய்வாளர்களும் எழுதுவதைச் சில ஆண்டுகளாகத் திருத்திக் கொடுக்கிறேன். நான் அதிகம் அடிப்பது இந்த மாதிரி வரிகளைத்தான். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் பெண் விஞ்ஞானிகள் திட்டம் இடைவெளி விட்டவர்களை மனதில் வைத்தே தொடங்கப்பட்டது. இன்று வைஸ்-கிரண் என்ற பெயரில் தொடர்கிறது. உங்களுக்காகவே திறந்த கதவின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்பானேன்? ‘2016 ஜூன் முதல் 2021 ஜூன் வரை பணி இடைவெளி. 2019இல் ஒரு கட்டுரை வெளியானது. 2021 முதல் கல்லூரியில் கற்பிக்கிறேன்.’ தேதி, செய்த வேலை, அவ்வளவு போதும்.

இதன் தங்கைதான் ‘உதவினேன்’ என்ற சொல். அதே ப்ரபோசலில் ‘மாதிரி சேகரிப்பிலும் பகுப்பாய்விலும் உதவினேன்’ என்று இருந்தது.

“தண்ணி எடுத்தது யாரு?”

“நான்தான்க்கா.”

“மெஷின் ஓட்டினது?”

“அதுவும் நான்தான்.”

அப்புறம் என்ன உதவி? வீட்டில் பழகிய பணிவு தாளிலும் ஒட்டிக்கொள்கிறது. மதிப்பீட்டாளருக்கு உங்களைத் தெரியாது. ‘உதவினேன்’ என்றால் வேறு யாரோ செய்தார்கள் என்றுதான் படிப்பார்.

பட்ஜெட்டிலும் இந்தக் கூச்சம் எட்டிப் பார்க்கும். குறைத்துக் கேட்டால் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். உண்மையில், இந்த வேலைக்கு என்ன செலவாகும் என்றே இவருக்குத் தெரியவில்லை என்ற எண்ணம்தான் வரும். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) ஒருவரை வைத்தால் 2023இல் திருத்திய விகிதப்படி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். வீட்டு வாடகைப்படி? மத்திய அரசுக் கணக்கில் சென்னை எக்ஸ் பிரிவு, அதாவது இந்தப் படி அதிகம் கிடைக்கும் பெருநகரம். மாதத் தொகையில் 30 சதவீதம் என்று போட்டாலே மூன்று ஆண்டுக்கு நாலு லட்சத்தைத் தாண்டும். கருவிக்கு வாங்கும் கொட்டேஷனின் அடியிலும் ‘ஜிஎஸ்டி தனி’ என்று பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

சீனியர் ஒருவரின் பழைய ப்ரபோசலை வாங்கி அப்படியே நிரப்புவது இன்னொரு வம்பு. மத்திய அரசின் ஆய்வு மானிய வாரியமான எஸ்இஆர்பி 2020இல் பெண்களுக்கென்று தொடங்கிய பவர் மானியத்தில், ஐஐடி போன்ற இடங்களுக்கு மூன்று ஆண்டுக்கு 60 லட்சம் வரை, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் 30 லட்சம் வரை என்று இரண்டு நிலை இருந்தது. ஐஐடிக்காரரின் தாளைப் பார்த்து எழுதினால் தொகையே தப்பாகிவிடும். அந்த எஸ்இஆர்பியே இப்போது இல்லை. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏஎன்ஆர்எஃப் என்ற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. ஆகவே இந்த ஆண்டு அறிவிப்பை, அதிலும் தகுதிப் பகுதியை, முதல் நாளே படித்துவிடுங்கள். தகுதி விதி என்ன செய்யும் என்பதற்குப் பழைய கதை ஒன்று: சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளிர்வை ஆராய்ந்தவர், பின்னாளில் வானிலை விஞ்ஞானியாகப் பெயர் பெற்ற அன்னா மணி. 1945இல் அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. முதுகலைப் பட்டம் இல்லையாம்! நியாயமா என்பது வேறு பேச்சு. தகுதி விதி ஆளைப் பார்த்து இரங்காது.

நான்-பைனரி ஆய்வாளர்களுக்குச் சிக்கல் விண்ணப்பத்தின் முதல் கட்டத்திலேயே தொடங்கிவிடும். ‘பெண்கள்’ என்று மட்டும் சொல்லும் திட்டத்தில் தமக்கு இடமுண்டா என்று தாமாக ஊகித்து ஒதுங்கிவிடுகிறார்கள், அல்லது ஊகித்தே விண்ணப்பிக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். திட்ட அதிகாரிக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் சொன்னது பின்னால் செல்லாது. பெயர் மாற்றியிருந்தால் பட்டச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, கட்டுரையில் இன்னொன்று என்று நிற்கும். ஆய்வாளருக்கான நிலையான அடையாள எண்ணான ஆர்சிட் எண் ஒன்று வைத்துக்கொண்டால் பழைய பெயரில் வந்ததும் புதிய பெயரில் வந்ததும் ஒரே இடத்தில் சேரும். பழைய பெயரை எங்கெல்லாம் காட்டுவது என்பது உங்கள் முடிவு. கைடு வற்புறுத்தினார் என்பதற்காகக் காட்ட வேண்டாம்.

கால அட்டவணையில் எல்லோருமே சறுக்குகிறார்கள். தோழியின் ஆய்வுக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தண்ணீர் எடுக்க வேண்டும். அவரோ ‘முதல் மூன்று மாதம் மாதிரி சேகரிப்பு’ என்று எழுதியிருந்தார். பணம் ஜனவரியில் வந்தால்? வெயிலில் காய்ந்த கரையில் நின்று ஒன்பது மாதம் மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். மழை மாதங்களை முதலில் குறித்துவிட்டு, மற்ற வேலைகளை அதன் இரண்டு பக்கமும் நகர்த்தினோம்.

கடைசியாக, நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கடிதம். விஞ்ஞானத்தை எழுத இரண்டு மாதம் எடுத்துக்கொள்பவர்கள் இதற்கு இரண்டு நாள்தான் ஒதுக்குகிறார்கள். கல்லூரி முதல்வர் ஊரில் இல்லை, முத்திரை இருக்கும் பீரோவின் சாவி வேறொருவரிடம் என்று ஆகும். எனக்கே ஒருமுறை அப்படிப் போனது. கடைசி நாள் மாலை வரை அலுவலக வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன், கதவு திறக்கவில்லை.

தோழி வருத்தம் தெரிவிக்கும் வரியை எடுத்துவிட்டார். ‘உதவினேன்’ எல்லாம் ‘செய்தேன்’ ஆகிவிட்டது. முதல்வரின் கையெழுத்துதான் பாக்கி. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.