ஒன்ராறியோவில் உளவளத்துணைக்குப் போகமுதல் பெயரைத் தேடிப் பாருங்கள்: புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்காபரோவுக்கோ பிரம்டனுக்கோ புதிதாக வந்து, நித்திரை வராமல், யாரோடாவது கதைத்தால் நல்லது என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் நமக்குப் பழக்கம் வேறு. காய்ச்சல் என்றால் டொக்டரைச் சனல் பண்ணி, நம்பர் வரும்வரை இருந்து, ஐந்து நிமிடத்தில் மருந்துத் துண்டோடு வெளியே வருவோம். மனக் கஷ்டம் என்றால் கோயில், சாத்திரியார், இல்லாவிட்டால் பெரியம்மாவின் குசினியில் இருந்து அழுகை. அதையும் தாண்டினால் அங்கொடை மனநல ஆஸ்பத்திரி என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். இங்கே அப்படியில்லை. வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, கிழமைக்கு ஒருமுறை ஒருவரோடு இருந்து கதைத்துவிட்டு வரலாம். அப்படிப் போவதில் வெட்கப்பட ஒன்றுமேயில்லை.

முதலில் காசு விஷயம். குடும்ப டொக்டரையும் அவர் அனுப்பிவைக்கிற மனநல மருத்துவரையும் ஓஹிப் என்கிற மாகாணச் சுகாதாரக் காப்புறுதி பார்த்துக்கொள்ளும். தனியாராக நடத்துகிற உளச்சிகிச்சையாளர் (சைக்கோதெரபிஸ்ட்), உளவியலாளர் (சைக்காலஜிஸ்ட்), சமூகப் பணியாளர் யாருக்கும் ஓஹிப் காசு கட்டாது. கைக்காசு, இல்லாவிட்டால் வேலையிடத்து இன்சூரன்ஸ். ஐம்பது நிமிட அமர்வுக்கு உளச்சிகிச்சையாளர்கள் பெரும்பாலும் 120 முதல் 180 டொலர் வரை எடுப்பார்கள், உளவியலாளர் என்றால் 200க்கு மேலே போகும். உளச்சிகிச்சைக்கு 2024 ஜூன் 20 முதல் எச்எஸ்டி என்கிற விற்பனை வரி கிடையாது, யாராவது அதைச் சேர்த்து பில் தந்தால் ஏன் என்று கேளுங்கள். அகதிக் கோரிக்கை நடந்துகொண்டிருக்கிறவர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் இருக்கிறது, ஆனால் அந்தத் திட்டத்தில் பதிந்தவரிடம்தான் அது செல்லும்.

இனி, நான் இதை எழுத வந்த காரணம். என் தோழி ஒருத்தி, வவுனியாப் பக்கம், அவளுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன். இங்கே வந்து கொஞ்சக் காலத்தில் அவளுடைய அம்மா தவறிவிட்டார், அகதிக் கேஸ் முடியாததால் போக முடியவில்லை, செத்த வீட்டை போனில்தான் பார்த்தாள். அதற்குப் பிறகு சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை, வீட்டில் புருஷனோடு ஓயாத சண்டை. தெரிந்தவர் ஒருவர் "எங்கட ஆள்தான், தமிழிலயே கதைக்கலாம், நல்ல அன்பான மனுசி" என்று ஒருவரிடம் அனுப்பிவைத்தார். சுவர் நிறையச் சான்றிதழ், கார்டில் உளவளத்துணையாளர் என்று பெயர், ஒவ்வொரு முறையும் கையில் காசு. இவளும் நம்பிப் போனாள். ஆறுதலாகவும் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை.

ரிசீட்டுகளை வேலையிடத்து இன்சூரன்ஸுக்கு அனுப்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒன்றில்கூடப் பதிவு இலக்கம் இல்லை, அதனால் ஒரு சதமும் திரும்பி வரவில்லை. இலக்கத்தைக் கேட்டால், பிறகு தருகிறேன், பிறகு தருகிறேன் என்று இழுத்து, கடைசியில் அப்படி ஒன்று தேவையில்லை என்று பதில். சரி, காசு போனால் உழைக்கலாம். ஆனால் ஒரு பிறந்தநாள் விழாவில், புருஷனின் சொந்தக்காரப் பெண் ஒருத்தி வந்து, அந்த அறைக்குள் மட்டும் இவள் சொன்ன ஒரு கதையை இவளிடமே கேட்டாளே, அதை என்ன செய்வது? எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. முறைப்பாடு செய்யலாம் என்று பார்த்தால் எங்கே செய்வது? அந்த மனுசியின் பெயர், இந்தத் தொழில் செய்கிறவர்களைப் பதிந்து கண்காணிக்கிற எந்தச் சபையிலும் இல்லை, ஆகவே அவரைக் கூப்பிட்டு விசாரிக்கவும் எந்தச் சபையும் இல்லை.

இதில் சட்டம் எப்படி என்றால், ஒன்ராறியோவில் உளவளத்துணையாளர், அதாவது கவுன்சிலர் என்றோ லைஃப் கோச் என்றோ யாரும் கார்ட் அடிக்கலாம். ஆனால் பதிவு பெற்ற உளச்சிகிச்சையாளர் என்ற பெயரைப் பதிவில்லாமல் போட முடியாது. கடுமையான மனநலப் பிரச்சினைக்கு உளச்சிகிச்சை செய்ய ஆறு சபைகளின் உறுப்பினர்களுக்குத்தான் அனுமதி: உளச்சிகிச்சையாளர், உளவியலாளர், சமூகப் பணியாளர், மருத்துவர், தாதியர், தொழில்வழிச் சிகிச்சையாளர். உளச்சிகிச்சையாளர்களுக்கான சபை 2015 ஏப்ரலில்தான் முழுமையாக வந்தது, சுருக்கமாக சிஆர்பிஓ (CRPO). இந்தச் சபைகளை இங்கே காலேஜ் என்பார்கள். "நான் இன்ன காலேஜில் படித்தேன்" என்று ஒருவர் சொன்னால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எந்த காலேஜில் பதிவு, இலக்கம் என்ன, இந்த இரண்டையும்தான் கேட்க வேண்டும்.

கேட்டதோடு நிற்காமல் அந்தச் சபையின் இணையப் பதிவேட்டில் பெயரை அடித்துப் பாருங்கள். காசு கேட்க மாட்டார்கள், யாருக்கும் தெரியவும் வராது. பதிவு இப்போது நடப்பில் இருக்கிறதா, ஏதாவது நிபந்தனை போட்டிருக்கிறார்களா, ஒழுங்கு நடவடிக்கை இருந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். பெயருக்குப் பின்னால் ஆர்.பி. குவாலிஃபையிங் (ஆர்.பி. என்றால் பதிவு பெற்ற உளச்சிகிச்சையாளர்) என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அவர் படிப்பை முடித்து அல்லது பெரும்பாலும் முடித்து, மேற்பார்வையோடு வேலை செய்துகொண்டு முழுப் பதிவுக்குக் காத்திருக்கிறவர். சிகிச்சையாளர்களின் பட்டியல் இருக்கிற சைக்காலஜி டுடே இணையத்தளத்தில் தமிழ் பேசுகிறவர்களைத் தனியாகத் தேடலாம், ஆனால் அங்கே கிடைத்த பெயரையும் சபையின் பதிவேட்டில் ஒருதரம் போட்டுப் பாருங்கள். ஆளைக் காட்டிவிட்டவர் உங்கள் சொந்த மாமியாக இருந்தாலும் பாருங்கள். இது மரியாதைக் குறைவு இல்லை. ஒழுங்காகப் பதிந்து வேலை செய்கிறவர் இதைக் கேட்டுக் கோபிக்கவே மாட்டார், முதல் மின்னஞ்சலின் அடியிலேயே இலக்கத்தைப் போட்டிருப்பார்.

இன்சூரன்ஸிலும் இதே கதைதான். சில திட்டங்கள் உளவியலாளருக்கு மட்டும் தரும், சில சமூகப் பணியாளரையும் சேர்க்கும், சில உளச்சிகிச்சையாளரை ஒதுக்கிவிடும். வருடத்துக்கு 500 டொலர் என்று எல்லை வைத்தால் மூன்று நான்கு அமர்வோடு அது முடிந்துபோகும். அமர்வைப் புக் பண்ணமுதல் கம்பெனிக்குப் போன் பண்ணி, எந்தப் பட்டம் உள்ளவருக்குத் தருவீர்கள், வருடத்துக்கு எவ்வளவு, டொக்டரின் துண்டு வேண்டுமா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில வேலையிடங்களில் ஊழியர் உதவித் திட்டம் என்று தனியாக ஒன்று இருக்கும், அதில் சில அமர்வுகள் இலவசம், நீங்கள் கதைத்தது முதலாளிக்குப் போகாது. பதிவு உள்ளவரின் ரிசீட் என்றால் வருமான வரியில் மருத்துவச் செலவாகவும் காட்டலாம், எறிந்துவிடாதீர்கள்.

முதல் அமர்வில் என்ன நடக்கும்? பலர் அதற்கு முன்பே பதினைந்து நிமிடம் இலவசமாகக் கதைப்பார்கள், உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்கத்தான். பிறகு படிவங்கள் வரும், சம்மதக் கடிதம் வரும். அதை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள், ரத்துச் செய்கிற விதி அதற்குள்தான் இருக்கும். பெரும்பாலும் 24 அல்லது 48 மணித்தியாலத்துக்கு முதல் சொல்லாவிட்டால் முழுக் கட்டணமும் எடுப்பார்கள், போகாத அமர்வுக்கு இன்சூரன்ஸ் தராது. அப்புறம் கேள்விகள்: குடும்பம், வேலை, பழைய வருத்தங்கள், சண்டைக் காலத்தில் எங்கே இருந்தீர்கள். எல்லாவற்றையும் அன்றைக்கே கொட்ட வேண்டியதில்லை, இதைப் பிறகு சொல்கிறேன் என்றால் விட்டுவிடுவார்கள். இதைச் செய், அவனை விடு என்று தீர்ப்பும் சொல்ல மாட்டார்கள். நம்மவர்கள் நிறையப் பேர் அதனாலேயே இரண்டாம் முறை போவதில்லை, "சும்மா கேட்டுக்கொண்டு இருக்கிறா, ஒண்டும் சொல்லேல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். நாலைந்து முறையாவது போய்ப் பாருங்கள். அப்போதும் மனம் ஒட்டவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லலாம், வேறு ஒருவரைக் காட்டிவிடுவது அவர்களுக்கு வழமையான காரியம். மருந்து எழுத உளச்சிகிச்சையாளராலும் முடியாது, உளவியலாளராலும் முடியாது, அதற்கு டொக்டரிடம்தான் போகவேண்டும். அகதி விசாரணைக்குக் கடிதம் தேவை என்றால் முதல் நாளே சொல்லுங்கள், எல்லோரும் எழுத மாட்டார்கள், எழுதினால் தனிக் கட்டணம் இருக்கும்.

ரகசியம் பற்றி நம்மவர்கள்தான் கூடப் பயப்படுகிறோம், காரணமும் இருக்கிறது. பதிவு பெற்றவர் உங்கள் கதையை உங்கள் அனுமதியில்லாமல் புருஷனிடமோ மனைவியிடமோ சொல்ல முடியாது. விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ பெரிய ஆபத்து, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடக்கிறது என்ற சந்தேகம், நீதிமன்ற உத்தரவு. இவற்றை முதல் அமர்விலேயே விளக்குவார்கள். பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஒன்ராறியோவில் சிகிச்சைக்குச் சம்மதம் தர வயதெல்லை கிடையாது, விஷயத்தை விளங்கிக்கொள்ளக்கூடிய பிள்ளை தானே சம்மதம் தரலாம். உங்கள் மகள் என்ன சொன்னாள் என்று கேட்டு அவளைப் பார்க்கிற சிகிச்சையாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

உங்களைப் பார்க்கிற சிகிச்சையாளரைத் தமிழ்க் கடையில் மரக்கறி எடுக்கும்போது கண்டால் அவர் தெரியாதவர் மாதிரி நிற்பார். அது கர்வமில்லை, நீங்களாக வணக்கம் சொன்னால்தான் அவரும் சொல்வார், உங்களைக் காப்பதற்குத்தான் அது. கலியாணத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டார், சேலை வாங்கிக் கொடுத்தால் எடுக்கமாட்டார். நமக்கு இது மனதில் குத்தும், அன்பாகக் கொடுத்ததை யாராவது மறுப்பார்களா என்று இருக்கும். என் தோழி போன அந்த மனுசி எல்லா விழாவுக்கும் வந்தவர், எல்லாச் சாப்பாட்டையும் வாங்கியவர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வீடியோவில் கதைக்கிறதென்றால் இடம் பெரிய பிரச்சினை. மேலே வீட்டுக்காரர், கீழே பேஸ்மென்டில் நாம், சுவரோ மெல்லிசு. பலர் காரை எங்காவது நிறுத்திவிட்டு அதற்குள் இருந்து கதைக்கிறார்கள், அதில் தவறில்லை, ஓட்டிக்கொண்டு மட்டும் கதைக்காதீர்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்பது வழமை. ஊருக்குப் போயிருக்கும்போது அநேகமாக அமர்வு வைக்க மாட்டார்கள், அவருடைய தொழில் அனுமதி இந்த மாகாணத்துக்கு உட்பட்டது.

காசே இல்லை என்றால் பதிவில்லாத ஆளிடம் மலிவுக்குப் போகத் தேவையில்லை. மேற்பார்வையோடு பயிற்சி எடுக்கிற மாணவர்களை வைத்திருக்கிற கிளினிக்குகள் குறைந்த கட்டணத்தில் பார்க்கும். பதற்றம், மனச்சோர்வு என்றால் ஒன்ராறியோ ஸ்ட்ரக்சர்ட் சைக்கோதெரபி என்ற இலவசத் திட்டத்தைப் பற்றிக் குடும்ப டொக்டரிடம் கேளுங்கள். போரிலும் சித்திரவதையிலும் அடிபட்டு வந்தவர்களுக்கு ரொறன்ரோவில் சிசிவிடி என்கிற சித்திரவதைக்கு உள்ளானோருக்கான கனேடிய மையம் 1977 முதல் இருக்கிறது. என் தோழியை இப்போது பார்க்கிறவர் தமிழர் இல்லை, ஆங்கிலத்தில்தான் கதைக்கிறாள், வராத இடத்தில் தமிழில் அழுகிறாள், அவர் பொறுத்துக் கேட்கிறார். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் எதற்கும் காத்திருக்க வேண்டாம், 988க்கு உடனே அழையுங்கள் அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள், இரவு பகல் எந்நேரமும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஆள் இருப்பார்கள்.