தோற்ற படையின் குடும்பங்களை மேடையேற்றுவது எப்படி?

தோல்வியடைந்த படையைப் பற்றி நாடகம் எழுத முனைபவர்கள் பெரும்பாலும் கடைசிச் சண்டையிலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் கப்பலிலிருந்து தொடங்குங்கள். 1920 நவம்பரில், ரஷ்ய உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்துத் தோற்ற வெண்படையினரும் அவர்களுடைய குடும்பத்தினருமாக ஏறத்தாழ 1,45,000 பேர், ஜெனரல் விராங்கெலின் தலைமையில், செவஸ்தபோல், யால்டா, கெர்ச் முதலிய கிரிமியத் துறைமுகங்களிலிருந்து 126 கப்பல்களில் கான்ஸ்டான்டிநோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) புறப்பட்டார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கர்னல், அவர் மனைவி, ஒரு குழந்தை, கூடவே வந்துவிட்ட சிப்பாய் ஒருவன் என்று நான்கு பேர் போதும்.

முதலில் அவர்களுடைய பெட்டியில் என்னென்ன இருக்கின்றன என்று எழுதிப் பாருங்கள். கர்னலின் சட்டையிலிருந்து தோள்பட்டைச் சின்னங்களைப் பிரித்தெடுக்கும் மனைவி, அறுந்த நூலையும் வீணாக்காமல் விரலில் சுற்றி, சின்னங்களைக் கைக்குட்டையில் முடிந்து, குழந்தையின் காலுறைகளுக்கு அடியில் வைக்கட்டும். அவரோ அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு, இனி எந்தக் கடையிலும் செல்லாத நோட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கட்டும். இந்தக் காட்சிக்கு வசனமே தேவையில்லை.

வசனம் எழுதும்போது தமிழ் உங்களுக்குப் பெரிய துணை. கப்பலில் "சொல்லுங்கள், கர்னல் அவர்களே" என்ற சிப்பாய், அகதி வாழ்க்கையின் ஏதோ ஒரு நாளில் "சொல்லுங்க" என்கிறான். பிறகொரு நாள், ரொட்டி வரிசையில் நின்றபடி, "நகரு" என்கிறான். பதவி பறிபோனதை வேறெப்படியும் விளக்க வேண்டாம். அந்த மூன்று சொற்களுக்கும் இடையே போதிய காட்சிகளை வைத்து, கடைசிச் சொல் தவறி விழுந்ததுபோல் வரச் செய்யுங்கள்.

இவர்களைத் தூய வீரர்களாக்கிவிடாதீர்கள். 1919இல் உக்ரைனில் யூதர்களைக் கொன்று சூறையாடியவர்களில் வெண்படையினரும் இருந்தார்கள். கர்னல் அதைக் கண்டும் பேசாமல் இருந்தவராக இருக்கலாம். அதைப் பற்றி மனைவி கேட்கும் ஒற்றைக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லாதிருக்கலாம். இரக்கம் கெட்டுவிடும் என்று அஞ்சி இதை ஒளிக்கும் நாடகத்தை என்னால் மதிக்க முடியாது.

சட்டத்தை ஒரு பாத்திரம்போலவே நுழையவிடுங்கள். 1921 டிசம்பரில் சோவியத் அரசின் ஆணை இவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1922இல்தான் நாடற்ற அகதிகளுக்கான நான்சென் கடவுச்சீட்டு வந்தது. இடைப்பட்ட மாதங்களில் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாத ஒருவர் எழுத்தர் ஒருவரின் மேசைக்கு முன்னால் நிற்கிறார். "எந்த நாடு?" என்ற கேள்விக்கு அவர் என்ன சொல்வார் என்பதை எழுதுவதற்குள் பலமுறை அடித்துத் திருத்த வேண்டியிருக்கும், பொறுமையாகத் திருத்துங்கள்.

முடிவுக் காட்சிக்கு, கப்பலில் வந்த படையினர் தங்கவைக்கப்பட்ட, துருக்கியிலுள்ள கல்லிபோலி முகாமை நாடலாம். அங்கே ஜெனரல் குதேபவின் கீழ் கூடாரங்களில் வாழ்ந்த படையினர், இறந்தவர்களுக்காக ஆளுக்கொரு கல் சுமந்துவந்து எழுப்பிய நினைவுச்சின்னம் 1921 ஜூலையில் திறக்கப்பட்டது. மேடையில் சின்னம் முழுவதையும் காட்ட வேண்டாம். தன் கைக்கு மீறிய கல்லைக் குழந்தை தூக்கி வரும்போது, சிப்பாய் குனிந்து அதன் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறான். கல் கீழே இறங்குவதற்குள் திரை விழட்டும்.