காட்டுத்தீ பக்கத்தில் எரிகிறதா? முதலில் கூரையைப் பாருங்கள்

கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் பிப்ரவரி பிறந்தாலே காட்டுத்தீ பயம்தான். எதிர் மலையில்தானே எரிகிறது என்று இருந்துவிடாதீர்கள். காற்றடித்தால் தீப்பொறி வெகுதூரம் பறந்து வரும்; பல வீடுகள் பற்றுவதே அந்தப் பொறியால்தான். ஓட்டு இடுக்கிலும், மழைநீர் வடியும் தகரத்திலும் சேர்ந்திருக்கும் சருகைக் கையில் எடுத்துப் பாருங்கள், அப்பளம் மாதிரி நொறுங்கும். ஒரு பொறி போதும். அதை இன்றைக்கே வாரிக் கொட்டுங்கள். சுவரை ஒட்டி அடுக்கிய விறகையும் தூரமாகத் தள்ளுங்கள்.

சரி, புகை நெருங்கிவிட்டால்? கேஸை மூடி, ஜன்னல்களைச் சாத்தி, ஆடுமாடுகளை அவிழ்த்துவிடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, மாத்திரைகள் ஒரே பையில் இருக்கட்டும். உடம்பை மூடும் பருத்தித் துணிதான் நல்லது. நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அவசர உதவி எண் 112-க்குச் சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்புங்கள்.

அப்புறம், தயவுசெய்து மேட்டை நோக்கி ஓடாதீர்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக்கு மலையேறப் போய், மலைச்சரிவில் தீயில் சிக்கி இறந்த பிள்ளைகளை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. புல் இல்லாத வெட்டவெளியோ தார்ச்சாலையோ எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் இப்போதே காட்டி வையுங்கள்.