சாரல் காலத்தில் மைக்ரோஸ்கோப்: பூசணம் பிடிக்காமல் வைத்துக்கொள்வது எப்படி

ஜூன் பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்துவிட்டால் எங்கள் செங்கோட்டையில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது, அப்பளம் நமுத்துப்போகும், அலமாரியில் வைத்த தோல் செருப்பு பச்சை பூத்துவிடும். இதே ஈரம் மைக்ரோஸ்கோப் லென்சையும் விடாது என்று எனக்குத் தோன்றவேயில்லை. போன வருஷம் ஜூலையில் டியூஷன் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று குண்டாற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து வைத்தேன். பாரமீசியம் (கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி) ஓடுவது தெரிகிறது, ஆனால் பனிக்குள் ஓடுகிற மாதிரி. ஸ்லைடை மாற்றினேன், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஐரிஸைத் திறந்து மூடினேன், பல்பைக்கூட மாற்றிப் பார்த்தேன். காரணம் பூசணம் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஸ்லைடு போடுவது, ஃபோகஸ் செய்வது எல்லாம் பள்ளிக்கூட லேபிலேயே பழகியிருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன்.

1. தூக்குவது

ஒரு கை வளைந்த கைப்பிடியில், இன்னொரு கை அடிப்பாகத்துக்குக் கீழே. சாய்க்க வேண்டாம், ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ்) வழுகி விழுந்துவிடும். வேலை முடிந்ததும் 4எக்ஸ் ஆப்ஜெக்டிவுக்கு (ஸ்லைடுக்கு மேலே நிற்கிற லென்ஸ், நாலு மடங்கு பெரிதாக்குவது 4எக்ஸ்) திருப்பி, மேடையை முழுக்க இறக்கிவிடுங்கள். 40எக்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் இடைவெளி, 100எக்ஸில் அதைவிடக் குறைவு. அதனால் 40எக்ஸுக்குப் போனபிறகு பெரிய திருகைத் தொடவே கூடாது, சின்னத் திருகு மட்டும்தான்.

2. அழுக்கு எந்த லென்சில் இருக்கிறது?

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். மங்கலாகத் தெரிந்ததும் எல்லா லென்சையும் துடைக்க ஆரம்பித்துவிடாதீர்கள், ஒவ்வொரு துடைப்பும் லென்சின் மேல்பூச்சைக் கொஞ்சம் தேய்க்கும். முதலில் ஸ்லைடை நகர்த்துங்கள், புள்ளியும் கூடவே நகர்ந்தால் அழுக்கு ஸ்லைடில். நகரவில்லையா, ஐபீஸை மட்டும் விரலால் மெல்லச் சுழற்றுங்கள், புள்ளி சேர்ந்து சுற்றினால் ஐபீஸில். மேடைக்குக் கீழே வெளிச்சத்தைக் குவிக்கிற கண்டென்சரை ஏற்றி இறக்கும்போது புள்ளி தெளிந்து மறைந்தால் கண்டென்சரிலோ விளக்கின் மேல் கண்ணாடியிலோ. இதில் எதுவுமே இல்லாமல், ஒரு ஆப்ஜெக்டிவில் மட்டும் படம் முழுக்கப் புகை மூட்டம் மாதிரி இருந்தால் அந்த ஆப்ஜெக்டிவ்தான். ஆப்ஜெக்டிவில் உள்ள அழுக்கு புள்ளியாகத் தெரியாது, மங்கலாகத்தான் தெரியும். இது தெரியாததால்தான் நான் பல்பு வாங்க அலைந்தேன்.

எனக்கு 10எக்ஸில் பளிச்சென்று இருந்தது, 40எக்ஸில் மூட்டம். அதைக் கழற்றி, ஒரு ஐபீஸை உருவித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். கண் வைக்கிற பக்கத்தை ஆப்ஜெக்டிவின் முனைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அடிப்பக்கம் வழியாகப் பார்த்தால் ஐபீஸே நல்ல உருப்பெருக்கி. ஜன்னல் வெளிச்சத்தில் லென்சைச் சாய்த்தபோது தெரிந்தது: ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கிழிந்த சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக வெள்ளை இழைகள். வெறும் தூசி என்றால் இப்படிக் கிளை விடாது.

3. துடைப்பது

ரப்பர் பந்து ஊதி ஒன்று வாங்குங்கள், கேமரா கடையில் கிடைக்கும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஊதித் தூசியைப் போக்கிய பிறகுதான் லென்ஸ் பேப்பர். கைக்குட்டை, வேட்டி முனை, முகம் துடைக்கிற டிஷ்யூ எதுவும் வேண்டாம். பேப்பரை மடித்து, விரல் படாத பகுதியில் ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு (லென்சில் நேரடியாக விடக் கூடாது, ஓரம் வழியாக உள்ளே இறங்கும்) நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வட்டமாக, அழுத்தாமல் துடையுங்கள். ஒரு பேப்பருக்கு ஒரு துடைப்புதான். கைரேகை, எண்ணெய் போகவில்லை என்றால் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கொஞ்சம். பழைய லேப்களில் சைலீன் போடுவார்கள், நான் போடுவதில்லை, லென்சை ஒட்டியிருக்கும் பசையை அது இளக்கிவிடும், வாடையும் உடம்புக்கு ஆகாது. சானிடைசரும் கூடாது, அதில் உள்ள கிளிசரின் படிந்து நிற்கும்.

என் 40எக்ஸில் பூசணம் வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்தது, துடைத்ததும் போய்விட்டது. ஆனால் ஓரத்தில் ஒரு மெல்லிய தடம் நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. பூசணம் விடுகிற அமிலம் மேல்பூச்சை அரித்துவிடும், அதனால் பார்த்த அன்றைக்கே துடைத்துவிட வேண்டும். இழைகள் உள்பக்கம் இருந்தால் நீங்கள் பிரிக்க வேண்டாம், பழுதுபார்க்கிறவரிடம் கொடுங்கள்.

4. எண்ணெய்

லென்சுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே விடுகிற எண்ணெய் (இம்மர்ஷன் ஆயில்) 100எக்ஸுக்கு மட்டும்தான். அதைப் போட்ட ஸ்லைடை மறுபடி 40எக்ஸுக்குத் திருப்பினால் அதன் முனை எண்ணெயில் முங்கிவிடும். அன்றன்றைக்கே துடைத்துவிடுங்கள். சிடார் எண்ணெய் நாள்பட்டால் பிசின் மாதிரி இறுகும், சின்தெடிக் வாங்குவதே மேல்.

5. எடுத்து வைப்பது

கடையில் கொடுக்கிற பிளாஸ்டிக் உறை தூசிக்கு நல்லது, சாரலுக்கு எமன். ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்துவிடும். நான் செய்த தப்பும் அதுதான். மரப்பெட்டி, தோல் பெட்டி, ஸ்பாஞ்ச் எல்லாமே ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இப்போது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆப்ஜெக்டிவ், ஐபீஸ் எல்லாவற்றையும் கழற்றி, ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டுவிடுகிறேன். திறந்த துளைகளைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்து, உடம்புக்கு மட்டும் பருத்தித் துணி போர்த்துகிறேன். விளக்கு ஆறிய பிறகுதான் போர்த்த வேண்டும்.

சிலிக்கா ஜெல்லில் நீலம், ஆரஞ்சு என்று இரண்டு வகை. நீலத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. பிள்ளைகள் புழங்குகிற வீடு என்பதால் நான் ஆரஞ்சுதான் வாங்குகிறேன். ஈரம் ஏறினால் பச்சையாகிவிடும், சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் போட்டு மெல்லிய தீயில் வறுத்தால் பழைய நிறம் திரும்பும். டப்பாவுக்குள் சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்றும் வைத்திருக்கிறேன். 50 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நிம்மதி, 60ஐத் தாண்டினால் வறுக்கிற நாள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பின்னால் சேர்த்தது

புளியரையிலிருந்து ஒரு டீச்சர், சிலிக்காவுக்குப் பதில் அரிசி போடலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம், ஈரம் அவ்வளவாக இழுக்காது, மாவுத்தூசிதான் லென்சில் படியும். சிலிக்கா மணியிலும் தூள் உண்டு, துணிப்பையில் கட்டிப் போடுங்கள்.

புனலூரில் இருக்கும் தம்பி ஒருவர் இம்மர்ஷன் ஆயில் தீர்ந்துபோய்த் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். படம் தெளியாது தம்பி. எண்ணெயின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) கண்ணாடியை ஒட்டி இருக்க வேண்டும்: கண்ணாடிக்கு 1.52 பக்கம், இம்மர்ஷன் ஆயில் 1.515, தேங்காய் எண்ணெய் 1.45தான். அதோடு 24 டிகிரிக்குக் கீழே போனால் லென்சிலேயே உறைந்துவிடும். ஆல்கஹால் தொட்ட பேப்பரால் இரண்டு மூன்று முறை துடைத்து எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று நான் எழுத விட்டுப்போனது. பூசணம் பிடித்த லென்சை, துடைத்த பிறகும், மற்ற லென்சுகளோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். என் 40எக்ஸ் இன்னும் தனி டப்பாவில்தான் இருக்கிறது.