மாற்று குவாட்டர்பேக்குக்கு விலை பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் என்எஃப்எல் என்ற அமெரிக்க ஃபுட்பால் லீகின் ரசிகர்களுக்குள் ஒரே வாக்குவாதம்தான். பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்தான் குவாட்டர்பேக்; நம்பிக்கையான ஒருவர் இல்லாமல் தவிக்கும் அணிகள் பல இருக்கும். ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீ ஏஜென்ட்டாக வெளியே வரும் நல்ல குவாட்டர்பேக்கோ அத்தி பூத்தாற்போல. அதனால் எல்லார் பார்வையும் இன்னொரு அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர்மேல் விழும். சில ஆட்டங்கள் ஆடியிருப்பார், நன்றாகவும் ஆடியிருப்பார். இவரை எடுக்கலாமா, வேண்டாமா?

என்னைக் கேட்டால், எடுப்பதில் தவறே இல்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதுபோலப் பணத்தைக் கொட்டுவதில்தான் தவறு தொடங்குகிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது குவாட்டர்பேக் விஷயத்தில் செல்லாது. மாட் ஃப்ளின்னை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீன் பே அணியில் ஆரன் ராட்ஜர்ஸுக்கு மாற்றாக இருந்தவர். 2012 ஜனவரி 1 அன்று ராட்ஜர்ஸுக்கு ஓய்வு கொடுத்ததால், டெட்ராய்ட்டுக்கு எதிராக இறங்கினார். அவர் எறிந்த பந்துகளால் அணி முன்னேறியது 480 யார்டு; எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும் டச் டவுன் 6; 45-41 என்று வெற்றி. அந்த அணியின் வரலாற்றில் அதுவரை எந்த குவாட்டர்பேக்கும் ஒரே ஆட்டத்தில் அவ்வளவு எறிந்ததில்லை. ஆனால் அந்த 480-இல் 80 யார்டு, ஃப்ளின் குட்டையாகப் போட்ட ஒரு பந்தை ரையன் கிராண்ட் பிடித்துக்கொண்டு கோடுவரை ஓடியதில் வந்தது. ஜோர்டி நெல்சன் தனியாக மூன்று டச் டவுன் பிடித்தார். எண்கள் எல்லாம் எறிந்தவர் பெயரில் ஏறின. அந்தப் பருவத்தில் 15 ஆட்டம் வென்று ஒன்றில் மட்டுமே தோற்ற அணி அது.

இரண்டு மாதம் கழித்து சியாட்டில் அவரை மூன்று ஆண்டுக்கு எடுத்தது. ஒப்பந்தத்தின் மதிப்பு 2.6 கோடி டாலர்வரை போகலாம் என்றார்கள். ஆனாலும் இதை நான் பெரிய தவறாகச் சொல்ல மாட்டேன். காரணம், சியாட்டில் அதற்கப்புறம் செய்த காரியம். அதே ஆண்டு டிராஃப்ட்டின் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) மூன்றாவது சுற்றில் ரஸ்ஸல் வில்சனைத் தேர்ந்தெடுத்து, இருவரையும் போட்டியிட விட்டார்கள். பயிற்சியாளர் பீட் கேரல், "இவருக்குத்தானே பணம் கொடுத்தோம்" என்று பார்க்கவில்லை. நன்றாக ஆடிய வில்சனை இறக்கினார். 2014 பிப்ரவரியில் லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் போல் கோப்பை கையில். காசு கொடுத்துவிட்டோமே என்பதற்காக ஒருவரைக் களத்தில் வைத்திருந்தால் கொடுத்த காசோடு பருவமும் போய்விடும்.

எனக்கு இன்றைக்கும் ஆறாத கதை ஹூஸ்டனுடையது. 2015-இல் டென்வரில் பேடன் மேனிங் காயப்பட்டபோது பிராக் ஆஸ்வைலர் ஏழு ஆட்டங்களைத் தொடங்கி ஐந்தில் வென்றார். அந்த அணியின் தடுப்பு வரிசை லீகிலேயே முதல் தரம் என்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கடைசி ஆட்டத்தில் அவரை உட்காரவைத்து மேனிங்கை மறுபடி இறக்கினார்கள்; சூப்பர் போலை வென்றவர் மேனிங். 2016 மார்ச்சில் மேனிங் ஓய்வு பெற்றதும் டென்வரில் குவாட்டர்பேக் இடம் காலி. நான்கு ஆண்டுகள் தினமும் ஆஸ்வைலரைப் பயிற்சியில் பார்த்த அணி அது. அந்த அணியே ஒரு விலைக்கு மேல் வர மறுத்தது. ஹூஸ்டன் நான்கு ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் கொடுத்தது, அதில் 3.7 கோடி உத்தரவாதம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சொந்த அணி ஒருவரை விட்டுவிடுகிறது என்றால், ஏன் விடுகிறது என்று முதலில் கேளுங்கள். கிரீன் பே ஃப்ளின்னை விட்டதில் ஆச்சரியமில்லை. ராட்ஜர்ஸ் இருக்கும்போது இவருக்கு அங்கே என்ன வேலை? ஆனால் இடம் காலியாக இருக்கும்போதே விடுகிறார்கள் என்றால், அவரை நன்றாகத் தெரிந்தவர்கள் நமக்கு ஒரு செய்தி சொல்கிறார்கள். ஹூஸ்டன் அதைக் காதில் வாங்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. தலைமைப் பயிற்சியாளர் பில் ஓ'பிரையன் கையெழுத்தாகும்வரை ஆஸ்வைலரைச் சந்தித்ததே இல்லை. ஃப்ரீ ஏஜென்ட் சந்தை திறப்பதற்கு முந்தைய இரண்டு நாள், அப்போதைய விதிப்படி அணிகள் ஆட்டக்காரரின் ஏஜென்ட்டிடம்தான் பேசலாம். அவசரத்தில் முடிவாகிவிட்டது. எந்த மாதிரி ஆட்டமுறைக்கு இவர் பொருந்துவார், எதிராளி நெருக்கும்போது பந்தை எங்கே போடுவார் என்பதையெல்லாம் பயிற்சியாளர் உட்கார்ந்து பேசாமல் எப்படித் தெரிந்துகொள்வது? முடிவு: அந்தப் பருவத்தில் 15 டச் டவுன், எதிரணி பிடித்துக்கொண்ட எறிகள் (இன்டர்செப்ஷன்) 16. ஓராண்டிலேயே அவரைக் கழற்றிவிட, கிளீவ்லாந்துக்கு 2018 டிராஃப்ட்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வைத் தூக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தேர்வில் கிளீவ்லாந்து எடுத்தது, பின்னாளில் நட்சத்திரமான நிக் சப்பை!

இதெல்லாம் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், ஓர் ஆண்டில் ஆட்டக்காரர்களுக்கு அணி செலவிடும் தொகைக்கு உள்ள சேலரி கேப் என்ற உச்சவரம்புதான் காரணம். கையெழுத்துப் போனஸை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கெழுதலாம். ஆனால் நடுவில் அவரை விலக்கினால் மீதி மொத்தமும் கணக்கில் வந்து விழும். ஆளே இல்லாத அந்தச் செலவுக்கு டெட் மணி என்று பெயர். எனவே ஒப்பந்தத்தைப் பார்க்கும்போது மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்காதீர்கள். உத்தரவாதம் எவ்வளவு, எந்த ஆண்டில் நஷ்டமில்லாமல் வெளியேறலாம் என்று பாருங்கள். சிகாகோ 2017-இல் மைக் கிளெனனுக்கு மூன்று ஆண்டு, 4.5 கோடி டாலர் கொடுத்தது. அதற்கு முந்தைய இரண்டு பருவத்தில் அவர் எறிந்தது மொத்தம் 11 பந்து. அடுத்த மாதமே டிராஃப்ட் வரிசையில் மேலேறிப் போய் மிட்செல் ட்ருபிஸ்கியை இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு ஆட்டத்தில் கிளெனனின் கதை முடிந்தது. உத்தரவாதம் 1.85 கோடியோடு நின்றதால் அடுத்த ஆண்டே விலக்க முடிந்தது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மாற்று ஆட்டக்காரர் என்றாலே வேண்டாம் என்று ஒதுக்குவதும் தவறுதான். அதே 2017-இல் மினசோட்டா, கேஸ் கீனமை ஓராண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு எடுத்தது. சாம் பிராட்ஃபர்ட் காயப்பட, பெரும்பாலான ஆட்டங்களில் கீனமே இறங்கினார்; அணி 13 வெற்றி, 3 தோல்வி என்று முடித்தது. அடுத்த ஆண்டு டென்வர் அவருக்கு இரண்டு ஆண்டுக்கு 3.6 கோடி கொடுத்தது. அணி 6-10 என்று முடித்தது, கீனமும் போய்விட்டார். 20 லட்சத்துக்கு வரமாக இருந்தவர் 3.6 கோடிக்குப் பாரமாகிவிட்டார்.

2024-இல் மினசோட்டா திரும்பவும் அந்த வழியில் போனது. யாரும் பெரிதாக நம்பாத சாம் டார்னல்டுக்கு ஓராண்டு, 1 கோடி டாலர். கூடவே முதல் சுற்றில் ஜே.ஜே. மெக்கார்த்தியையும் எடுத்துக்கொண்டது. மெக்கார்த்திக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆக, டார்னல்டு 35 டச் டவுன் எறிந்து 14 ஆட்டங்களை வென்று கொடுத்தார். ஓராண்டு ஒப்பந்தம் என்பதால் அவர் 2025-இல் சியாட்டிலுக்குப் போய், மூன்று ஆண்டுக்கு 10 கோடிக்கு மேல் வாங்கினார். மினசோட்டாவுக்கு அது இழப்புதான். இருந்தாலும் அடுத்த மார்ச்சில் இதே கேள்வி என் அணி முன்னால் வந்தால், நான் கேட்கப்போவது அந்த ஓராண்டு ஒப்பந்தத்தைத்தான்.