எதிர்ப்பொருள் மருந்துகள்: ஒட்டினால் மட்டும் போதாது

புற்றுநோய், முடக்குவாதம், சொரியாசிஸ் என்று பல நோய்களுக்கு இன்று போடப்படும் விலை உயர்ந்த ஊசிகளில் நிறைய, எதிர்ப்பொருள் (ஒரு குறிப்பிட்ட மூலக்கூறில் மட்டும் போய் ஒட்டும், நோய் எதிர்ப்பு அமைப்பின் புரதம்) வகை மருந்துகள்தான். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் தயாரிக்க வழி கண்டார்கள். அதிலிருந்து வளர்ந்த துறை இது. இத்துறைக்குப் புதிதாக வருபவர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கும்: இலக்கு மூலக்கூறில் இறுக்கமாக ஒட்டும் எதிர்ப்பொருள் கையில் கிடைத்துவிட்டால் பெரிய வேலை முடிந்தது என்று. உண்மையில் கடினமான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பெரிய தோல்விகளில் பலவற்றில் எதிர்ப்பொருள் மிகச் சரியாகவே ஒட்டியிருக்கிறது.

குரங்கு தாங்கியதால் மனிதரும் தாங்குவார் என்று நினைப்பது

2006 மார்ச் 13 அன்று லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், டிஜிஎன்1412 என்ற எதிர்ப்பொருள் முதன்முறையாக மனிதர்களுக்கு ஏற்றப்பட்டது. நோய் எதுவும் இல்லாத ஆறு ஆண்கள் அதைப் பெற்றார்கள். அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். குரங்குகள் பிரச்சினை இல்லாமல் தாங்கிய அளவில் இது 500-இல் ஒரு பங்கு. கணக்காகப் பார்த்தால் மிகவும் எச்சரிக்கையானது. ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, குமட்டல், காய்ச்சல், ரத்த அழுத்த வீழ்ச்சி எல்லாம் வந்தன. பிறகு ஆறு பேருக்கும் பல உறுப்புகள் செயலிழந்தன. இதற்குப் பெயர் சைட்டோகைன் புயல்: நோய் எதிர்ப்பு செல்கள் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களை அளவுக்கு மீறிக் கொட்டுவது. தீவிர சிகிச்சையால் ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் ஒருவர் விரல் நுனிகளை இழந்தார்.

டி செல்களின் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) மேலுள்ள சிடி28 மூலக்கூறைத் தட்டி எழுப்புவதே இந்த மருந்தின் வேலை. அந்த மூலக்கூறின் வெளிப்பகுதி மனிதரிலும் அந்தக் குரங்கிலும் ஒன்றுதான். அதனால் குரங்கு பொருத்தமான விலங்கு என்று முடிவு செய்துவிட்டார்கள். பின்னர் நடந்த ஆய்வில், மனிதரில் சைட்டோகைன்களைக் கொட்டும் நினைவு டி செல் (முன்பு சந்தித்த எதிரியை நினைவில் வைத்திருக்கும் செல்) வகை, குரங்கில் சிடி28-ஐத் தாங்குவதே இல்லை என்று தெரியவந்தது. மூலக்கூறு ஒன்றுதான்; அது எந்த செல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. சோதனைக்குழாயிலும் இதே போன்ற ஏமாற்றம் நடந்தது. திரவத்தில் மிதக்கவிட்ட மருந்து, ரத்த செல்களை ஒன்றும் செய்யவில்லை. அதே மருந்தைத் தட்டின் அடியில் ஒட்டவைத்துச் சோதித்தபோது செல்கள் கொந்தளித்தன.

ஆகவே, விலங்குக்கு எது கெடுதல் செய்யவில்லை என்பதிலிருந்து முதல் அளவைக் கணக்கிடக் கூடாது. மனித செல்லில் எந்த அளவில் ஏதாவது விளைவு தொடங்குகிறது என்று பார்த்து, அங்கிருந்து கணக்கிட வேண்டும். அந்த விபத்தை ஆராய்ந்த நிபுணர் குழு வலியுறுத்தியதும் இதைத்தான். என்னை இன்னும் அதிகம் வருத்துவது இன்னொரு விஷயம். ஒருவருக்குப் போட்டுப் பத்து நிமிடம்கூடச் சரியாகக் காத்திருக்காமல் அடுத்தவருக்குப் போட்டிருக்கிறார்கள். முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு இரண்டாமவரிடம் போயிருந்தால் ஐந்து பேர் தப்பியிருப்பார்கள். இதற்கு ஆழ்ந்த அறிவியல் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

‘மனிதமயமாக்கிவிட்டோம், இனி உடல் எதிர்க்காது’

1986-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மோனோகுளோனல் (ஒரே வகை எதிர்ப்பொருள்) மருந்தான முரோமோனாப் முழுக்க எலிப் புரதம். அதை அந்நியப் பொருளாகக் கண்ட நோயாளிகளின் உடல், அதற்கு எதிராகவே எதிர்ப்பொருள் தயாரித்தது. அதே ஆண்டில் கிரெக் வின்டர் குழு, எலி எதிர்ப்பொருளின் ஒட்டும் நுனிகளை மட்டும் எடுத்து மனித எதிர்ப்பொருளில் பொருத்திக் காட்டியது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது.

கொழுப்பைக் குறைக்க ஃபைசர் உருவாக்கிய பொகோசிசுமாப் இதற்கு நல்ல உதாரணம். இதுவும் மனிதமயமாக்கப்பட்டதே. பல ஆயிரம் பேரிடம் நீண்ட காலம் சோதித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேர் மருந்துக்கு எதிரான எதிர்ப்பொருளை உருவாக்கியிருந்தார்கள். நாளாக நாளாகச் சிலரிடம் கொழுப்பு மறுபடி ஏறியது. 2016-இல் நிறுவனம் அதைக் கைவிட்டது. அதே இலக்கைத் தாக்கும், முழுக்க மனித வரிசை (அமினோ அமில அடுக்கு) கொண்ட எவோலோகுமாப், அலிரோகுமாப் இரண்டும் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. முழு மனித வரிசையும் நூறு சதவீத உத்தரவாதம் அல்ல. முழு மனித வரிசை கொண்ட முடக்குவாத மருந்தான அடாலிமுமாபுக்கு எதிராகவும் சிலர் உடலில் எதிர்ப்பொருள் உருவாகிறது. ஆகவே சில வாரச் சோதனையோடு நிறுத்தாமல், மாதக்கணக்கில் ரத்தத்தில் இதைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்த செல்லில் தயாரித்தால் என்ன என்று இருப்பது

எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. செடுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்து, அமெரிக்காவின் டென்னசி, வட கரோலினா போன்ற பகுதிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கடும் ஒவ்வாமையை உண்டாக்கியது. மற்ற இடங்களில் அது அரிது. அந்த மருந்து எஸ்பி2/0 என்ற எலி செல்லில் தயாராகிறது. அந்த செல், புரதத்தின் மேல் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரையை ஒட்டிவிடும். மனித உடலில் அந்தச் சர்க்கரை கிடையாது. ஒவ்வாமை வந்தவர்களில் பெரும்பாலோரின் பழைய ரத்த மாதிரிகளில், மருந்து போடும் முன்பே அந்தச் சர்க்கரைக்கு எதிரான ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள் வகை) இருந்தது. 2008-இல் இது வெளியானது. எங்கிருந்து வந்தது அந்த ஐஜிஇ? அப்பகுதியில் நிறைந்திருக்கும் ஒரு வகை உண்ணியின் கடியிலிருந்து என்று பிறகு தெரிந்தது. புரத வரிசையைப் பார்த்து யாராலும் இதை ஊகித்திருக்க முடியாது. மேலே ஒட்டும் சர்க்கரையையும் மருந்தின் ஒரு பகுதியாகவே கருதிப் பரிசோதிக்க வேண்டும்.

கைப்பிடியையும் கரைசலையும் கடைசிக்குத் தள்ளுவது

எதிர்ப்பொருளின் ஒட்டும் நுனியில் காட்டும் அக்கறையை அதன் உடலில் பலர் காட்டுவதில்லை. ஐஜிஜி4 என்ற எதிர்ப்பொருள் வகை, ரத்தத்தில் இரண்டாகப் பிரிந்து நோயாளியின் சொந்த எதிர்ப்பொருளோடு பாதியை மாற்றிக்கொள்ளும். நடாலிசுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தில் இது நடப்பது காட்டப்பட்டது. மூட்டுப் பகுதியில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால் இதைத் தடுக்கலாம். புற்றுநோய் மருந்துகளான பெம்ப்ரோலிசுமாபிலும் நிவோலுமாபிலும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

அப்புறம், தோலுக்கடியில் போடும் ஊசியில் சில மில்லிலிட்டருக்குள் மொத்த அளவும் அடங்க வேண்டும். அந்தச் செறிவில் சில எதிர்ப்பொருள்கள் தேனாகக் கெட்டிப்படும். சில ஒன்றோடொன்று திரளும். திரண்ட புரதத்தை உடல் இன்னும் எளிதாக எதிரியாகப் பார்க்கும். இந்தச் சோதனைகளை, தேர்வுப் பட்டியலில் பத்து இருபது மூலக்கூறுகள் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. ஒன்றே ஒன்று மிஞ்சிய பிறகு செய்தால் மாற்று கிடையாது.

அளவு தவறியதை மருந்தே தவறென்று எடுத்துக்கொள்வது

ரத்தப் புற்றுநோய்க்கான மைலோடார்க், விஷ மருந்தொன்றைச் சுமக்கும் எதிர்ப்பொருள். 2000-இல் அனுமதி பெற்றது. பிந்தைய சோதனையில் பலன் தெரியாமல், ஆரம்பகால மரணங்கள் கூடியதால் 2010-இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர்கள் அதே மருந்தைக் குறைந்த அளவில், முதல் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள் என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் திரும்பாமல் இருக்கும் காலம் நீண்டது. 2017-இல் அமெரிக்காவில் அதற்கு மறுபடி அனுமதி கிடைத்தது.