பேட்மிண்டன் வீரரை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சியாளர் ஒரே இடத்துக்கு ஷட்டிலைப் போட்டுக்கொண்டே இருக்கிறார். வீரரும் கிளியர்களை, அதாவது எதிராளியின் பின்பகுதிக்கு உயரமாக அனுப்பும் அடிகளை, சரியாகப் பின்கோட்டருகே இறக்குகிறார். உடனே நுட்பத்துக்கு முழு மதிப்பெண் போட்டுவிடுகிறோம். ஷட்டில் எங்கே வரும் என்று முன்பே தெரிந்தால் கால்களுக்கு வேலையே இல்லையே! வலையருகே ஒரு ஷாட் ஆடவிட்டு, அங்கிருந்து பின்னால் ஓடிப்போய் அதே கிளியரை அடிக்கச் சொல்லிப் பாருங்கள். உண்மையான தரம் அப்போதுதான் தெரியும்.

இதைவிடப் பெரிய தவறு, ராலியின் (ஒரு புள்ளிக்காக மாறிமாறி அடிக்கும் தொடரின்) கடைசி அடியை மட்டும் குறித்துக்கொள்வது. எதிராளி கீழ்நோக்கி வேகமாக அடிக்கும் ஸ்மாஷை எடுக்கும்போது ஷட்டில் வலையில் விழுந்தது என்று வையுங்கள். 'டிஃபென்ஸ் பலவீனம்' என்று எழுதிவிடுவோம். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். வலையைத் தாண்டியதும் மெல்ல விழும் ட்ராப்பை எதிராளி அடித்த நொடியில் இவர் சின்னதாகக் குதித்துத் தயாராகும் ஸ்பிளிட் ஸ்டெப்பைப் போடவில்லை. அதனால் தாமதமாகப் போய், வலைக்கு வெகு கீழே ஷட்டிலை எடுத்தார். கீழிருந்து தூக்கி அடித்த லிஃப்ட் பாதிக் கோர்ட்டிலேயே நின்றது. ஸ்மாஷ் வராமல் என்ன செய்யும்? சரிசெய்ய வேண்டியது கால் வேலையைத்தான்.

முடிவெடுப்பதையும் அடிப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. எதிராளி பேக்ஹேண்ட் (புறங்கைப் பக்க) பின்மூலையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். இவர் எதிர் முன்மூலைக்கு ட்ராப் ஆட, ஷட்டில் வலையின் மேல்பட்டையில் பட்டு இந்தப் பக்கமே விழுகிறது. யோசனை சரி, கைதான் தவறியது. இன்னொருவர் நிலை தடுமாறியபடி ஸ்மாஷ் அடிக்கிறார், எதிராளி தவறவிட்டதால் புள்ளி கிடைக்கிறது. அந்த முடிவுக்கு நான் நல்ல மதிப்பெண் தரமாட்டேன். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் துணிந்து ஆடுவதையே விட்டுவிடுவார்கள்.

வலையை ஒட்டித் தாழ்வாகப் போடும் ஷார்ட் சர்வீஸில், ஷட்டில் கோட்டுக்குள் விழுந்ததா என்பதோடு நின்றுவிடாதீர்கள். வலையின் நடு உயரம் 1.524 மீட்டர், அதற்கு எவ்வளவு மேலே போகிறது என்பதையும் பாருங்கள். உயர்ந்து போனால் எதிராளி பாய்ந்து அடித்துவிடுவார்.

இரட்டையர் ஆட்டத்தை ஒற்றையர் அளவுகோலால் அளக்கவே கூடாது. தாக்கும்போது முன்பின்னாகவும், தடுக்கும்போது பக்கவாட்டிலும் ஜோடி எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்று கவனியுங்கள். அப்புறம், ஒரே எதிராளியோடு ஆடவிட்டு முடிவுக்கு வராதீர்கள். மெதுவாக ஆடுபவர், வேகமாக அடிப்பவர் என இரண்டு விதமானவர்களோடும் ஆடவிடுங்கள். முடிந்தால் மூன்றாவது கேம் வரை இருந்து பாருங்கள். களைத்த பிறகு எந்த ஷாட் முதலில் கெடுகிறதோ, அடுத்த மாதப் பயிற்சியை அதில் தொடங்கலாம்.